அரையாண்டு முடியட்டும்

ஜூன் மாதம் சீருடை தைக்கக் கொடுக்கப் போகிறோம். தையல்காரர் நாடாவைக் கையில் எடுக்கும் முன்னாலேயே, "இடுப்பு 24, போன வருஷம் 22, வளர்ற பிள்ளை, கொஞ்சம் விட்டுத் தைங்க" என்று ஒப்பிக்கிறோம். பிள்ளையின் இடுப்பு, உயரம், ஷூ நம்பர், ரத்த வகை, கணக்கில் வாங்கிய மார்க், வாங்காமல் விட்ட மார்க், எல்லாம் நுனிநாக்கில் நிற்கின்றன. சரி, பெற்றோரே, உங்கள் இடுப்பு எவ்வளவு?

34 என்பீர்கள். அது பேன்ட்டின் அளவு. பேன்ட்டை நாம் எங்கே கட்டுகிறோம்? தொப்பைக்குக் கீழே, தொப்பையின் நிழலில். தாய்மார்களுக்கு அந்த அளவும் கிடையாது. புடவைக்கும் நைட்டிக்கும் இடுப்பளவை யார் கேட்கிறார்கள்? நானும் 34 என்றுதான் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மகளுக்குச் சுடிதார் அளவெடுத்த அதே நாடாவை வாங்கி, மூச்சை வெளியே விட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றிப் பார்த்தேன். 38 காட்டியது. நாலு அங்குலத்தை பெல்ட் இத்தனை காலம் மறைத்து வைத்திருந்தது.

சென்னையில் டாக்டர் வி. மோகனும் அவருடைய குழுவினரும் 2005-இல் இந்தியர்களுக்கென்றே ஒரு மதிப்பெண் கணக்கை வெளியிட்டார்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் ஒருவருக்கு இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை ஒரு சொட்டு ரத்தம் எடுக்காமல் சொல்கிற கணக்கு. கேள்வி நாலே நாலு. வயது 35 ஆகிவிட்டால் 20 மார்க், 50 ஆகிவிட்டால் 30. இடுப்பு ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கும் கீழே இருந்தால் சுழி. அதற்கு மேல் முதல் பத்து சென்டிமீட்டர் வரை 10, அதையும் தாண்டினால் 20. தையல்காரர் நாடாவில் பார்த்தால் 90 என்பது ஏறக்குறைய முப்பத்தைந்தரை அங்குலம், 80 என்பது முப்பத்தொன்றரை. உடற்பயிற்சியும் கிடையாது, வேலையும் உட்கார்ந்த வேலை என்றால் 30. பயிற்சியோ கடும் உழைப்போ ஏதாவது ஒன்று உண்டென்றால் 20. இரண்டும் உண்டென்றால் சுழி. அப்பா, அம்மா இருவரில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. கூட்டிப் பாருங்கள். 60-ம் அதற்கு மேலும் வந்தால் அபாயம் அதிகம், தள்ளிப்போடாமல் ரத்தம் பார்க்க வேண்டும். 30 முதல் 50 வரை நடுத்தரம். பிள்ளை 60 வாங்கிவந்தால் வீட்டை இரண்டாக்குகிற நாம், நாமே வாங்கி வைத்திருக்கும் 60-ஐத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

என் மார்க்கைச் சொல்கிறேன். அப்போது எனக்கு 39 வயது: 20. இடுப்பு 38 அங்குலம்: 10. காலையில் நடக்கிற பழக்கம் இருந்தது, வேலை நாற்காலியில்: 20. அப்பா, அம்மாவுக்கு உண்டா? ‘இல்லை’ என்று எழுதினேன். மொத்தம் 50. நடுத்தரம்தானே என்று அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

என் அப்பா பென்னாகரம் பக்கத்தில் காடு மேடு என்று கிடந்த மனுஷன். 70 வயது வரைக்கும் ஊசி குத்திக்கொண்டதில்லை என்பது அவருக்குப் பெருமை. எங்களுக்கும்தான். நான் அந்தத் தாளை மடித்துவைத்து இரண்டு வருஷம் கழித்து அவர் காலில் தைத்த ஒரு கருவேல முள்ளின் புண், இருபது நாள் ஆகியும் ஆறவில்லை. முள் தைத்ததே அவருக்குத் தெரியவில்லை. பேத்திதான் ரத்தத்தைப் பார்த்துச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. கால் கட்டைவிரலை எடுத்தார்கள். "எத்தனை வருஷமா இருக்கு?" என்று டாக்டர் கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நான் எழுதியிருக்க வேண்டிய சொல் ‘தெரியாது’. பார்க்காத ஒன்றை இல்லை என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பத்து மார்க் சேர்ந்திருந்தால் என் கணக்கு 39 வயதிலேயே 60. அப்பாவுக்கு விரல் போன அந்த வாரம் நானும் ரத்தம் கொடுத்தேன். எனக்கும் இருந்தது.

இப்போது உங்களிடம் வருகிறேன். ஒரு செண்ட் நிலம் வாங்கினாலும் முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிற ஆட்கள் நாம். பிள்ளைக்கு எழுதிவைத்துவிட்டுப் போகிற உடம்பில் வில்லங்கம் உண்டா என்று பார்க்கச் சொன்னால் மட்டும், "எனக்கு என்னங்க, நல்லாத்தானே இருக்கேன்" என்கிறோம். உங்கள் மகளுக்கு 35 வயதாகும்போது ஒரு நர்ஸ் அவளிடம், அப்பா, அம்மாவுக்கு உண்டா என்று இதே கேள்வியைக் கேட்பார். அவளும் இல்லை என்றுதான் சொல்வாள். நீங்கள் பார்க்காததால் அவள் கணக்கும் தப்பாகும். எல்லாம் பிள்ளைகளுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டு நம் உடம்பைக் கவனிக்காமல் விடுவதைத் தியாகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். என் அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். அந்தத் தியாகத்துக்கான பில் எனக்கு வந்தது.

‘நல்லாத்தானே இருக்கேன்’ என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். இன்சுலின் என்பது வீடுவீடாகப் போய்க் கதவு தட்டி சர்க்கரையை உள்ளே சேர்ப்பிக்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் கொழுப்பு சேரச் சேர, உடம்பை அசைக்காமல் இருக்க இருக்க, வீட்டுக்காரர்களுக்குக் காது மந்தமாகிறது. ஒரு தட்டுக்குத் திறந்த கதவு பத்துத் தட்டுக்குத்தான் திறக்கிறது. கணையம் இன்னும் ஆள் அனுப்புகிறது. சில வருஷம் இப்படியே ஓடும். வெளியே ஒன்றும் தெரியாது. கடைசியில் கணையம் களைத்துப்போகும்போது சர்க்கரை தெருவிலேயே, அதாவது ரத்தத்திலேயே தேங்குகிறது.

தேங்கினாலும் உடனே தெரிவதில்லை என்பதுதான் இதில் விஷமம். வெறும் வயிற்றில் 126, சாப்பாட்டுக்குச் சமமாகக் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200, இவை நோய் என்று சொல்லும் கோடுகள். ஆனால் ரத்தச் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டும்வரை சிறுநீரகம் அதை வெளியே விடாமல் திருப்பி இழுத்துக்கொள்கிறது. அதற்கு மேல் போனால்தான் ஏரி நிரம்பிக் கோடி போவதுபோல் சிறுநீரில் சர்க்கரை வழியும். வழிகிற சர்க்கரை தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் அடிக்கடி சிறுநீர், அதனால்தான் தீராத தாகம். கோடி போகவில்லை என்பதற்காக ஏரியில் தண்ணீரே இல்லை என்று யாராவது சொல்வோமா? சிறுநீரில் எறும்பு மொய்த்தால்தான் சர்க்கரை என்று நம் பாட்டிமார் சொன்னது பொய்யில்லை. ஆனால் எறும்பு வந்து சொல்லும்வரை காத்திருந்தால் அது ரொம்பத் தாமதம். பிரிட்டனில் 1977-இல் தொடங்கி இருபது வருஷம் நடந்த பெரிய ஆய்வில், நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அன்றைக்கே கண்ணிலோ நரம்பிலோ ரத்தக் குழாயிலோ சேதத்தின் அடையாளம் இருந்தது.

அறிகுறி வந்தாலும் நாம் விடுகிறோமா? ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் கைவசம் இருக்கிறது. தாகமா, தருமபுரி வெயில். ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்கிறீர்களா, வயசாகுதில்ல. சாப்பிட்டும் உடம்பு இளைக்கிறதா, மகன் காலேஜ் ஃபீஸ் கவலை. சிலருக்கு அது சந்தோஷம்கூட, ‘டயட் இல்லாமலே ஆறு கிலோ குறைஞ்சிட்டேன்’ என்று. சாயங்காலம் ஆனால் அசதியா, பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கு அசதி இல்லாமல் எப்படி. கண் மங்குகிறதா, கண்ணாடிக் கடை. சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் வில்லையின் பவரும் மாறும். நாலு மாதத்தில் இரண்டு தடவை கண்ணாடி மாற்றியவர்கள் அடுத்ததாகப் போகவேண்டிய இடம் ரத்தப் பரிசோதனை நிலையம். பிறகு, யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று: பிறப்புறுப்பில் திரும்பத் திரும்ப வரும் அரிப்பு, ஆண்களுக்கு முன்தோல் வெடித்து எரிவது. மருந்துக்கடையில் குரலைத் தாழ்த்தி ஒரு களிம்பு வாங்கிப் போட்டு மறைத்துவிடுகிறோம். சர்க்கரை மிகுந்த இடத்தில் பூஞ்சை செழிக்கும். களிம்பு பூஞ்சையைத்தான் விரட்டும், சர்க்கரை அங்கேயே இருக்கும்.

நம் தருமபுரி மாவட்டத்துக்கென்றே இன்னொரு சமாதானம் உண்டு. கால் எரிகிறதா, மரத்துப்போகிறதா? "நம்ம தண்ணி அப்படிங்க." உண்மைதான், நம் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம்; பல் கறைபட்டு, முட்டியும் முதுகும் இறுகிப்போன ஒரு தலைமுறையை நாம் கண்ணால் பார்த்தவர்கள். அதற்காகத்தான் ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது. ஆனால் புளோரைடு தருவது எலும்பிலும் மூட்டிலும் வலி, விறைப்பு. சர்க்கரை தருவது வேறு மாதிரி: இரண்டு பாதத்திலும் விரல் நுனியில் தொடங்கும் எரிச்சல், ஊசி குத்தல், ராத்திரியில் அதிகமாகும், பிறகு மெல்ல மெல்ல உணர்வே போய்விடும். தரை மெத்தைபோல் இருக்கும், செருப்பு கழன்றதே தெரியாது. பெற்றோர் பலர் இந்த இரண்டாவதை முதலாவதின் கணக்கில் எழுதிவிட்டு, பத்து வருஷமாகத் தண்ணீரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி மரத்த காலோடு ஆடியில் தீ மிதிக்கவும் போகிறார்கள். நேர்த்திக்கடனைத் தடுக்க நான் யார்? பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று முதலில் டாக்டரிடம் பார்த்துவிட்டு அப்புறம் பூசாரியிடம் போங்கள், அவ்வளவுதான்.

கழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது பிள்ளைகளையும் தொடுகிறது. பின்கழுத்து, அக்குள், இந்த மடிப்புகளில் வெல்வெட்டுத் துணிபோல் தடித்த கறுப்புப் படிந்திருந்தால் அது அழுக்கு இல்லை. இன்சுலின் கதவு தட்டிக் களைத்துக்கொண்டிருக்கிறது என்பதற்குத் தோலில் எழுதின குறிப்பு. அதைப் பார்த்து மகளை, "குளிக்கும்போது தேய்ச்சுக் குளிக்கத் தெரியாதா?" என்று திட்டி, பீர்க்கங்கூட்டால் அவள் தோல் எரியும்வரை தேய்க்கிற அம்மாக்களை எனக்குத் தெரியும். தேய்க்காதீர்கள். குண்டான, கழுத்துக் கறுத்த 13 வயதுப் பிள்ளையைத் திட்டுவதில் பயனில்லை, டாக்டரிடம் காட்டுங்கள். காட்டும்போது உங்கள் கழுத்தையும் கண்ணாடியில் பாருங்கள்.

"நான் ஒல்லிங்க, எனக்கெல்லாம் வராது" என்று பின்வரிசையில் ஒருவர் சொல்வது கேட்கிறது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த அவருடைய நண்பர் டாக்டர் யூட்கினும் 2004-இல் ஒரு படத்தை மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் அச்சாக ஒன்று, 22.3. ஆனால் உடம்பிலுள்ள கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம் ஊர் ஒல்லி வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. குச்சிக் கையும் குச்சிக் காலும் நடுவில் ஒரு சின்னக் குடமுமாக நம் பேருந்து நிலையத்தில் நிற்கிற அப்பாக்களை எண்ணிப் பாருங்கள். அதனால்தான் நமக்கு எடையைவிட இடுப்பு முக்கியம்.

இந்தியா முழுக்கப் பல ஆண்டுகள் எடுத்த கணக்கு 2023-இல் வெளிவந்தது. சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, அதன் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். ஏழு பேருக்கு ஒருவர். பெற்றோர் கூட்டத்தில் உட்காரும்போது உங்கள் வரிசையை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வாய். தகடூர் என்ற நம் பழைய தருமபுரிக்கும் கரும்புக்கும் ரொம்பப் பழைய உறவு. கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் தகடூரை ஆண்ட அதியமானின் முன்னோர் என்று புறநானூற்றில் ஔவை பாடியிருக்கிறாள். இன்றைக்கும் பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. ஆக, சர்க்கரை நமக்கு அந்நியன் இல்லை, ஊர்க்காரன். ஊர்க்காரன் என்பதால் அவனுக்கு நாம் கொடுக்கிற சலுகைகள்தான் எனக்குக் கோபம். "வெள்ளைச் சக்கரைதான் ஆகாது, வெல்லம் ஒண்ணும் பண்ணாது." "நாட்டுச் சக்கரை மருந்துங்க." வெல்லத்தில் கொஞ்சம் இரும்புச்சத்தும் நிறைய வாசனையும் இருக்கலாம், ஆனால் அதில் பெரும்பகுதி அதே சர்க்கரை. ரத்தத்துக்கு நிறம் தெரியாது. ஆளுக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டு இயற்கைக்குத் திரும்பிவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

கேழ்வரகின் பேரில் செய்கிற மோசடி இதைவிட நுணுக்கமானது. 2023-இல் அரசு சோதனை முயற்சியாக நீலகிரியிலும் நம் மாவட்டத்திலும் ரேஷன் கடையில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது. நல்ல காரியம், நார்ச்சத்து, கால்சியம், எல்லாம் உண்டு. நம் பாட்டி ஒரு உருண்டை களி தின்றாள், கீரையோ அவரைக்காய்க் குழம்போ தொட்டுக்கொண்டாள், தின்றுவிட்டு வெயில் சாயும்வரை களை எடுத்தாள். நாம் அதே கேழ்வரகை நைசாக அரைத்து, சலித்துத் தவிட்டை நீக்கி, கஞ்சியாக்கி, வெல்லம் கரைத்துக் குடித்துவிட்டு டிவி முன்னால் உட்காருகிறோம். நைசான மாவு, குழைந்த கஞ்சி, இவை சர்க்கரையைக் கிடுகிடுவென்று ஏற்றும். ‘ராகிதான் சாப்பிடறேன், எப்படி ஏறுச்சு?’ என்று டாக்டரிடம் சண்டை வேறு. களியையும் சாமைச் சோற்றையும் அளவாகச் சாப்பிடுங்கள், தட்டில் பாதி காய்கறியும் கீரையும் இருக்கட்டும், பருப்போ பயறோ முட்டையோ இருக்கட்டும். தானியத்தின் பெயரை மாற்றினால் மட்டும் போதாது.

தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வசவு. பிள்ளை தட்டில் மிச்சம் வைத்த அரை தோசை, ஒன்றரை இட்லி, டிபன் பாக்ஸில் திரும்பி வந்த லெமன் சாதம், ‘வீணாப் போகுதே’ என்று எல்லாம் உங்கள் வாய்க்குள் போகிறது. சோறு வீணாகக் கூடாது, சரி. குறைவாக வைத்துப் பழகுங்கள். நீங்கள் குப்பைத்தொட்டி இல்லை. அப்பாக்களுக்கு: பிள்ளைக்கு என்று வாங்கிவந்த பேக்கரி பொட்டலத்தில் பிள்ளை சாப்பிட்டது எவ்வளவு, நீங்கள் சாப்பிட்டது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். நவம்பர் 14 குழந்தைகள் தினம் என்று பள்ளியில் இனிப்புக் கொடுக்கிறோம். அதே நாள்தான் உலகச் சர்க்கரை நோய் தினமும்; 1921-இல் இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பான்டிங் பிறந்த நாள். இந்த ஒற்றுமையைப் பார்த்து நான் ஒரு தடவை சிரித்தேன். அந்த வருஷம் எனக்கு நோய் இருப்பது தெரியாது.

உடம்பை அசைக்கச் சொன்னால், "நேரம் எங்கே இருக்கு?" இந்தக் கேள்விக்கு என்னிடம் கணக்கோடு பதில் இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளையை டியூஷனில் விடுகிறோம். ஏழு மணிக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். நடுவில் அந்த ஒரு மணி நேரம் டியூஷன் வாசலில், வண்டியின் மேலேயே, ஸ்டாண்டுகூடப் போடாமல், செல்போனைத் தடவிக்கொண்டு நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறோம். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 300 நிமிஷம். பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் வேக நடை போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வண்டியைப் பூட்டிவிட்டு அந்தத் தெருவிலேயே பாதி நேரம் நடந்தால் கணக்குத் தீர்ந்தது. ஒருநாள் நான் நடக்க ஆரம்பித்தேன். "என்ன சார், வண்டி பஞ்சரா?" என்று மூன்று பேர் கேட்டார்கள்.

நடந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்காக: சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு, நோயின் வாசலில் நின்ற 531 பேரைச் சுமார் மூன்று வருஷம் பின்தொடர்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மாத்திரை மட்டும் தின்றவர்களுக்குக் கிடைத்த பலனும் கிட்டத்தட்ட அதே அளவுதான். நடைக்குப் பில் கிடையாது. புகைப்பவர்கள் அதையும் விட்டாக வேண்டும். பீடியும் சிகரெட்டும் நுரையீரலோடு நிற்பதில்லை, இந்த நோய்க்கும் கதவைத் திறந்துவிடுகின்றன.

இனி ஒரு வீட்டு விஷயம். என் மனைவி கர்ப்பமாக இருந்தபோது 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 140 வந்தாலே கர்ப்ப காலச் சர்க்கரை, அவளுக்கு 152. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதைப் பார்க்க வேண்டும் என்று பல வருஷம் தொண்டை வறளப் பேசியவர் சென்னை டாக்டர் வி. சேஷய்யா, நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில்கூட இன்று பார்க்கிறார்கள் என்றால் அதில் அவர் பங்கு பெரிது. பிரசவம் ஆனது, சர்க்கரை இறங்கியது, நாங்கள் மறந்தோம். இறங்கினாலும் அது போய்விட்டதாக அர்த்தமில்லை; கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. அந்த வயிற்றில் இருந்த பிள்ளைக்கும் கூடுதல். அதனால் பிரசவமான ஆறாவது வாரம் தாய்க்கு மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும், அதன் பிறகும் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆறாவது வாரம் என்றால் என்ன? பிள்ளைக்கு 45-ஆம் நாள் தடுப்பூசி! அதே நாள், அதே கட்டடம். அந்த ஊசியைத் தவறவிட்ட தாயை நான் பார்த்ததில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்து, ஊசி போட்டு, அட்டையில் பதிந்து, காய்ச்சல் வந்தால் கொடுக்க மருந்தும் வாங்கிக்கொண்டு, தன் கையை நீட்டாமலேயே திரும்பி வந்துவிடுகிறார்கள். என் மனைவியும் அப்படித்தான் வந்தாள். வண்டியோட்டிக்கொண்டு கூடவே போன எனக்கும் தோன்றவில்லை.

பார்க்க வசதியில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வீட்டுக்கே வந்து பார்க்கும் அரசுத் திட்டமான ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கியது பக்கத்தில், சாமனப்பள்ளியில். இன்று அது கிருஷ்ணகிரி மாவட்டம், 2004 வரைக்கும் நம் மாவட்டம். மகளிர் குழுவிலிருந்து வந்த ஒரு பெண் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறார். அவருக்கு நாம் தருகிற மரியாதை என்ன? "அவரு வேலைக்குப் போயிட்டாரும்மா." "இப்பத்தான் சாப்பிட்டேன், அப்புறம் பாக்கலாம்." என் தெருவில் ஒருவர் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார், அவர் மகன் பத்தாம் வகுப்பு, உயிரியலில் நல்ல மார்க். 30 வயதைத் தாண்டியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் காசில்லாமல் பார்க்கிறார்கள். வெளியே பார்த்தாலும் ஒரு சினிமா டிக்கெட்டின் விலைதான்.

அப்படியே போகிறவர்களிலும் சில கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாள் பத்தியம், பாகற்காய்ச் சாறு, நாலு கிலோமீட்டர் நடை. ரிசல்ட் ‘நார்மல்’. பரீட்சைக்கு முந்தின ராத்திரி மட்டும் படிக்கிறான் என்று மகனைத் திட்டும் அதே ஆட்கள்தான் இவர்கள். கடந்த மூன்று மாதத்துச் சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1.சி. என்ற பரிசோதனை ஒன்று இருக்கிறது. 6.5 வந்தால் நோய், 5.7-இலிருந்து அதுவரைக்கும் வாசல்படி. இரண்டு நாள் பத்தியத்தில் அதை ஏமாற்ற முடியாது. அந்தத் தாளைத்தான் வீட்டில் கேட்டு வாங்க வேண்டும், பிள்ளை முன்னேற்ற அட்டையை ஒளித்துவைத்தால் பையைக் குடைந்து எடுப்பதுபோல.

நோய் இருக்கிறது என்று தெரிந்த நாள் நான் சோர்ந்துதான் போனேன். பிறகு மாத்திரை, நடை, தட்டில் மாற்றம் என்று ஏழு மாதத்தில் இடுப்பு 36-க்கு வந்தது, சராசரியும் இறங்கியது. நாடா இப்போது எங்கள் வீட்டில் ஆணியில் தொங்குகிறது. என் மகளுக்கு 13 வயது. அவளுடைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘தாத்தாவுக்கு உண்டு, அப்பாவுக்கு 41 வயதில் வந்தது’ என்று என் கையால் எழுதிவைத்திருக்கிறேன். அதன் கீழே ‘அம்மாவுக்கு’ என்று எழுதி ஒரு கோடு போட்டு விட்டிருக்கிறேன்.

இந்தக் கட்டுரையை அவளிடம்தான் முதலில் படிக்கக் கொடுத்தேன், என் மனைவியிடம். அடுப்படியில் நின்றுகொண்டே முழுக்கப் படித்தாள். 45-ஆம் நாள் வந்த இடத்தில் மட்டும் ஒரு நிமிஷம் நிறுத்தினாள். பிறகு, "நல்லாத்தான் இருக்கு. பாப்பாவுக்கு அரையாண்டு முடியட்டும், போய்ப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, மகளுக்குப் பால் காய்ச்சத் திரும்பிக்கொண்டாள்.